வேலூர்ச் சாலையின் பெண் மருத்துவர்கள்

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் மூன்றுக்கும் ஆறு ஒன்றே, பாலாறு. 2019 வரை மாவட்டமும் ஒன்றே. பெரிய நோய் என்றால் ‘வேலூருக்குக் கொண்டு போங்கள்’ என்கிறோமே, அந்தப் பேச்சுக்குப் பின்னால் பல பெண்களின் உழைப்பு இருக்கிறது.

ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண். திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவத்தில் தவித்த மனைவியருக்கு உதவி கேட்டு ஒருவர் பின் ஒருவராக மூவர் ஐடாவிடம் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்து. ஐடாவின் தந்தை மருத்துவர்தான். ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இதைக் கண்ட ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பினார். 1902இல் வேலூரில் 40 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தார். மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குடியாத்தம் சாலையில் போய், மரத்தடியில் காத்திருந்தவர்களுக்குச் சாதி மதம் பாராமல் அங்கேயே புண் கழுவிக் கட்டுப் போட்டார். 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

விசாகப்பட்டினத்தில் பிறந்த மருத்துவர் ஹில்டா லாசரஸ் பின்னாளில் ஐடா உருவாக்கிய இந்த மருத்துவ நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார்.

கேரளத்திலிருந்து வந்து இங்கே மருத்துவரான மேரி வர்கீஸுக்கு 1954இல் நேர்ந்த கார் விபத்தில் கால்கள் செயலிழந்தன. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றித் தைத்து, சோறு பிசையவும் கருவி பிடிக்கவும் கைகளை மீட்டுத் தந்தார். ஊர் ஒதுக்கிவைத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய நீதி எது? அவர் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு மையம் 1966இல் வேலூரில் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு அங்கே இன்றும் பயிற்சி தரப்படுகிறது.