ஒரு பென்னி கார்ட்டூன்

கொந்தளிக்கிற கரிய கடல். மூழ்கிய கப்பலின் மிச்சமாக ஒரு மிதவை. அதைப் பற்றிக்கொண்டு கிடக்கிறான் ஒரு மாலுமி. சுற்றிலும் கரையும் இல்லை, காப்பாற்ற ஆளும் இல்லை. கீழே ஒரே வரி: 'பெட்ரோல் விலை ஒரு பென்னி உயர்ந்தது – அரசு அறிவிப்பு'.

1942 மார்ச் முதல் வாரத்தில் லண்டன் 'டெய்லி மிரர்' வெளியிட்ட கார்ட்டூன் இது. வரைந்தவர் பிலிப் செக். ஹிட்லர் கூட்டத்தைப் பாம்பாகவும் கழுகாகவும் தேரையாகவும் வரைந்து தள்ளியவர். அப்படிப்பட்டவரைத்தான் சர்ச்சிலின் கூட்டணி அரசு தேசத்துரோகி மாதிரி பார்த்தது.

பத்திரிகை ஆபீஸில் படங்களுக்கு கேப்ஷன் எழுதியே காலத்தை ஓட்டியவன் நான். அதனால் இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்தக் கீழ்வரிக்குத்தான் போகும். செக் முதலில் யோசித்திருந்தது 'இப்போது பெட்ரோல் விலை கூடுதல்' என்கிற மாதிரி ஒரு வரி. அது போதாது என்று சொல்லி மாற்றிக்கொடுத்தவர் நண்பர் வில்லியம் கானர். 'கசாண்ட்ரா' என்ற பெயரில் மிரரில் பத்தி எழுதிக்கொண்டிருந்தவர். விலை உயர்வு அறிவிப்பு அப்போது சுடச்சுடச் செய்தியாக இருந்தது. அந்தச் செய்தியின் வறட்டுத் தோரணையை அப்படியே தூக்கி, சாகக் கிடக்கிறவன் காலடியில் போட்டுவிட்டார் கானர்.

செக் சொல்ல வந்தது எளிய விஷயம். அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்த நேரம் அது. நீ வீணாக்குகிற பெட்ரோல் ஒருத்தன் உயிரைக் கொடுத்து வந்தது, கள்ளச்சந்தையில் விற்காதே, ஊர்சுற்றக் கொட்டாதே. அவ்வளவுதான். அமைச்சர்கள் வேறு மாதிரி படித்தார்கள்: எண்ணெய் முதலாளிக்கு ஒரு பென்னி லாபம் கிடைக்க மாலுமி சாகிறான் என்று. அவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. படம் வாய் திறக்காதபோது வரியை யாரும் எப்படியும் இழுக்கலாம். ஆனால் அதற்காகப் பத்திரிகையையே மூடுவோம் என்று மிரட்டுவது வேறு கதை.

மிரட்டியவர் உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன். மிரரின் பெரிய தலைகளைக் கூப்பிட்டு, 2டி என்ற பாதுகாப்பு விதியைக் காட்டினார். கோர்ட்டு விசாரணை எதுவும் இல்லாமல் ஒரு பத்திரிகையை நிறுத்த அமைச்சருக்கு அதிகாரம் தந்த விதி. வெறும் பூச்சாண்டி இல்லை. கம்யூனிஸ்ட்டுகளின் 'டெய்லி ஒர்க்கர்' அதே விதியின் கீழ் 1941 ஜனவரியில் மூடப்பட்டிருந்தது. உளவுத்துறை செக்கின் பூர்வீகத்தையும் கிளறியது. ரஷ்யாவிலிருந்து வந்து லண்டனில் குடியேறிய யூதத் தையற்காரரின் பிள்ளை, விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர், கொஞ்சம் இடதுசாரிச் சாய்வு. சதி என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. இதில் ஒரு வேடிக்கை: முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று நின்றவர்தான் இந்த மாரிசன்.

மார்ச் 26 அன்று நாடாளுமன்றத்தில் விவாதம் சூடு பறந்தது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் பல உறுப்பினர்கள் எழுந்து பேசினார்கள். மிரர் தப்பியது. கானர் பத்தியை நிறுத்திவிட்டு ராணுவத்தில் சேர்ந்துகொண்டார். செக் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

ஐரோப்பாவில் போர் முடிந்த 1945 மே 8 அன்று அவர் இன்னொன்று வரைந்தார். இடிபாடுகளுக்கு நடுவே, தலையில் கட்டுப்போட்ட சிப்பாய் ஒருவன் வெற்றியும் சமாதானமும் என்று எழுதிய மலர்வளையத்தை நம் பக்கம் நீட்டுகிறான்: 'இந்தாங்க, மறுபடியும் தொலைச்சிடாதீங்க!' இந்தத் தடவை கேப்ஷனை இரண்டு விதமாகப் படிக்க வழியே இல்லை. ஜூலை 5, தேர்தல் நாள். மிரர் அதே படத்தைத் திரும்ப எடுத்து முதல் பக்கத்தில் போட்டது. சர்ச்சில் தோற்றார், தொழிற்கட்சி 393 இடங்களைப் பிடித்தது. ஒரு கார்ட்டூனால்தான் ஆட்சி மாறியது என்று சொன்னால் அது என் தொழில்பாசம். ஆனால் அந்தப் படம் உதவிய கட்சி மாரிசனுடையது. புதிய அரசில் அவர் துணைப் பிரதமர் ஆனார்.