அசெம்பிள் பண்ணப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க!



"கேம் விளையாட எந்த கம்ப்யூட்டர் நல்லது?", "வீடியோ எடிட் பண்ண எவ்வளவு ராம் வேணும்?" கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தாலும் எடுத்தேன், பார்க்கிறவங்க எல்லாம் இதையே கேட்கிறாங்க. ஆளுக்கு ஆள் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக இந்தத் தாளில் எழுதிவிடுகிறேன்.

எழுதுவதற்கு வசதியாக ஒரு நிஜ உதாரணம் இருக்கிறது. என் சித்தப்பா திண்டிவனம் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் வீடியோ எடுப்பார். கேமரா புதுசு, 4கே. கம்ப்யூட்டரோ பழசு. எடிட்டிங்கில் படம் நகரவே நகராது. ஒரு பெண்ணோட அப்பா கடைக்கே வந்து, "தம்பி, பொண்ணுக்கு வளைகாப்பே வச்சாச்சு. கல்யாண வீடியோ இன்னும் வரலையே!" என்று கேட்டுவிட்டார். சித்தப்பாவுக்கு முகமே இல்லை. கடைசியில் ஏலச்சீட்டை எடுத்து, புது கம்ப்யூட்டர் போட முடிவு செய்தார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் மெஷின் தயாராக வேண்டும். தப்பான பாகம் வாங்கினால் மாற்றி வாங்க இன்னொரு சீட்டு இல்லை. அவர் பையன் ஏழாவது படிக்கிறான். அவனுக்கு ஒரே கவலைதான்: "அக்கா, இதுல கேம் ஓடுமா?"

பாகங்கள் இரண்டே வகைதான்

கடைக்காரர் எட்டு பாகங்களின் பட்டியலை நீட்டுவார். பயப்படாதீங்க. எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துவிடலாம்.

ஒன்று, காக்க வைக்கும் பாகம். பிராசஸர், ராம், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் இதில் வரும். இதில் குறைவாக வாங்கினால் வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

இரண்டு, கவிழ்த்துவிடும் பாகம். எஸ்.எம்.பி.எஸ். என்று நாம் சொல்லும் பவர் சப்ளையும், வீடியோவைச் சேமிக்கும் டிஸ்க்கும் இந்த வகை. இவை கெட்டால் வேலை மெதுவாகாது, வேலையே போய்விடும்.

நம்மில் பலர் பணத்தை எல்லாம் முதல் வகையில் கொட்டிவிட்டு, மிச்சத்தில் இரண்டாவது வகையை வாங்குகிறோம். அதைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிராசஸர்: பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்க

வீடியோ ஏன் திணறுகிறது? 4கே என்றால் ஒரு படத்தில் 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்.டி. படத்தைப் போல நான்கு மடங்கு. அதை அப்படியே எழுதினால் மெமரி கார்டு தாங்காது. அதனால் கேமரா எச்.264, எச்.265 போன்ற முறைகளில் சுருக்கி எழுதுகிறது. முதலில் ஒரு முழுப் படம், அப்புறம் மாறிய இடம் மட்டும்.

மளிகைக் கடை கணக்கு நோட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் "நேத்து பாக்கியோட 40 ரூபாய் சேர்" என்று மட்டும் எழுதியிருந்தால், இன்றைய பாக்கி தெரிய முதல் பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும் இல்லையா? வீடியோவை நடுவில் சொடுக்கும்போது கம்ப்யூட்டர் இதைத்தான் செய்கிறது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது.

இந்தக் கூட்டல் வேலைக்கென்றே தனி சர்க்யூட் வைத்த பிராசஸர்கள் உண்டு. இன்டெல்லில் அதன் பெயர் குவிக் சிங்க். 2011ல் வந்தது. அது பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில்தான் இருக்கிறது. இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால் அந்தப் பகுதி வேலை செய்யாது. விலை கொஞ்சம் குறைவு என்று 'எஃப்' வாங்கினால் எடிட்டிங்கில் இந்த உதவி போய்விடும். கேம் மட்டும் விளையாடுகிறவருக்கு இதனால் நஷ்டம் இல்லை. அவருக்கு எப்படியும் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும்.

சில புதுக் கேமராக்களில் 10 பிட், 4:2:2 என்று ஒரு முறை உண்டு. நிறம் நன்றாக வரும், ஆனால் கம்ப்யூட்டருக்குச் சுமை அதிகம். எச்.265ல் இதைப் பிரிக்கும் சர்க்யூட் இன்டெல்லில் 11ஆம் தலைமுறையிலிருந்து இருக்கிறது. என்விடியா கார்டுகளில் 2025ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் வந்தது. எனவே பிராசஸர் வாங்கும் முன், கேமரா எந்த முறையில் பதிகிறது என்று அதன் மெனுவில் பாருங்கள்.

நாங்கள் எடுத்தது கோர் ஐ5-14500. 14 கோர், உள் கிராபிக்ஸும் உண்டு. ஒரு விஷயம் தெரிந்தே எடுத்தோம்: இது உட்காரும் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் 12, 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்கள்தான் பொருந்தும். இன்டெல் 2024லேயே அடுத்த சாக்கெட்டுக்குப் போய்விட்டது. "நாலு வருஷம் கழிச்சு பிராசஸரை மட்டும் மாத்திக்கலாம்" என்று நினைப்பவர்கள் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட்டையும் பார்க்கலாம். 2022ல் வந்தது. 2027 வரைக்காவது தொடரும் என்று ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது.

ராம்: ஜோடியாக வாங்குங்க

எடிட்டிங்குக்கு 32 ஜி.பி. இருந்தால் நிம்மதி. கேமுக்கு மட்டும் என்றால் 16 ஜி.பி.யில் சமாளிக்கலாம். 32 ஜி.பி. என்றால் ஒரே பட்டையாக வாங்காமல் 16 + 16 ஆக வாங்குங்கள். இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் டேட்டா போகும். தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு குழாய் வைத்த மாதிரி.

டி.டி.ஆர்.4 பட்டை டி.டி.ஆர்.5 போர்டில் பொருந்தவே பொருந்தாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. எனவே மதர்போர்டு எதைக் கேட்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

இந்தத் தாளில் விலை எதையும் எழுதவில்லை. காரணம் இருக்கிறது. 2025 கடைசியில், ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் போய்க் குவிந்ததால் ராம் விலை தாறுமாறாக ஏறியது. சுவரில் ஒட்டிய பசை காய்வதற்குள் விலை மாறிவிடும். வாங்கும் அன்று மூன்று கடையில் கேட்பதுதான் சரி.

கிராபிக்ஸ் கார்டு: ஒரே பேர், ரெண்டு ஆள்

கேமுக்கு இதுதான் ராஜா. நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்தை வரைய கார்டுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி செகண்ட்தான். ஆனால் உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 140 படம் வரைந்தாலும் மீதியைக் கண்ணால் பார்க்க முடியாது. எனவே முதலில் மானிட்டரைப் பாருங்கள், அப்புறம் கார்டு.

எடிட்டிங்கில் நிறம் மாற்றுவது, இரைச்சல் நீக்குவது போன்ற வேலைகளைக் கார்டு செய்கிறது. டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருள் கார்டை ரொம்ப நம்பியிருக்கிறது. (அதன் இலவசப் பதிப்பிலேயே 3840 × 2160 வரை வெளியே எடுக்கலாம். திருட்டு சாப்ட்வேர் தேடி வைரஸ் வாங்காதீங்க!) இங்கே கார்டுக்குள் இருக்கும் மெமரி முக்கியம். 4கே வேலையில் 8 ஜி.பி. சீக்கிரம் நிரம்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை: 2025ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. என்ற ஒரே பெயரில் 8 ஜி.பி., 16 ஜி.பி. என்று இரண்டு கார்டு உண்டு. பெயரை மட்டும் சொல்லி விலை கேட்டால் எதன் விலையைச் சொல்கிறார்கள் என்று தெரியாது. நாங்கள் 16 ஜி.பி. கேட்டு வாங்கினோம். தம்பிக்கும் சந்தோஷம்.

டிஸ்க்: ஒரு கணக்குப் போடுவோமா?

சித்தப்பாவின் கேமரா நொடிக்கு 100 மெகாபிட் எழுதுகிறது. 8ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 3600 நொடி. ஆக 45 ஜி.பி. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, ஆளுக்கு நான்கு மணி நேரம் என்றால் 360 ஜி.பி.! 4 டி.பி. ஹார்டு டிஸ்க் 11 கல்யாணத்தோடு நிரம்பிவிடும்.

ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஊசி சுற்றும் தட்டின் மேல் ஓடி ஓடிப் படிக்கும். ஒரே பைலை வரிசையாகப் படித்தால் நொடிக்கு 150 மெகாபைட்டுக்கு மேல்கூட வரும். இரண்டு மூன்று பைலை ஒரே நேரத்தில் கேட்டால் அங்கும் இங்கும் அலைந்து வேகம் விழுந்துவிடும். எஸ்.எஸ்.டி.யில் ஊசியே இல்லை. சாட்டா வகை 550, என்.வி.எம்.இ. நான்காம் தலைமுறை 7000 மெகாபைட் வரை தரும். அதனால் நடக்கிற வேலை எஸ்.எஸ்.டி.யில், முடிந்த வேலை ஹார்டு டிஸ்க்கில் என்று பிரித்தோம்.

அதோடு, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், அதில் ஒன்று வேறு வீட்டில். அந்த மூன்றாவது டிஸ்க் இப்போது எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ்.: யாரும் கவனிக்காத முக்கியஸ்தர்

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? சொல்கிறேன். சித்தப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் பெயர் தெரியாத ஒரு எஸ்.எம்.பி.எஸ். இருந்தது. ஒரு மழை ராத்திரி கரண்ட் போய் வந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம். கூடவே ஹார்டு டிஸ்க்கும் போனது. அதில் ஒரு வீட்டு நிச்சயதார்த்தம் இருந்தது. வேறு பிரதி இல்லை. அதில் பொண்ணுக்குப் பூ வைத்து ஆசீர்வாதம் செய்த ஆயா இப்போது உயிரோடு இல்லை. சித்தப்பா முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வீட்டுக்காரர்கள் சண்டை போடவில்லை. "பணம் இருக்கட்டும்பா, ஆயா முகம் ஏதாவது ஒரு போட்டோவிலாவது இருக்கா பாரு" என்றுதான் கேட்டார்கள்.

எஸ்.எம்.பி.எஸ். வீட்டு 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக இறக்கித் தருகிறது. மட்டமானது கெடும்போது கூடுதல் வோல்ட்டை உள்ளே அனுப்பி மற்ற பாகங்களையும் கூட்டிக்கொண்டு போய்விடும். எவ்வளவு வாட் வேண்டும் என்பது எளிய கூட்டல். எங்கள் பிராசஸர் அதிகபட்சம் 154 வாட், கார்டு 180 வாட், மற்றதெல்லாம் சேர்த்து 80 என்று வைத்தால் 414. இழுத்துப் பிடிக்காமல் 650 வாட் எடுத்தோம். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும், பாதுகாப்பைச் சொல்லாது. அதிக வோல்ட், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு எழுதியிருக்கிறதா, வாரண்டி எத்தனை வருஷம் என்று பாருங்கள்.

யு.பி.எஸ். வாங்கும்போது வி.ஏ. வேறு, வாட் வேறு. பெட்டியில் 600 வி.ஏ. என்று பெரிதாக இருக்கும். உள்ளே 360 வாட்தான் தாங்கும் என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

கேபினட்டில் கண்ணாடியும் கலர் லைட்டும் காற்றோட்டம் ஆகாது. முன்பக்கம் சல்லடை வைத்ததாகப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் சூடு ஏறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சிவப்பு மையில் எழுதியது: கடைக்குப் போகும் முன்

1. என்ன வேலை, என்ன கேமரா, என்ன மானிட்டர் என்று மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்.

2. எஸ்.எம்.பி.எஸ்., டிஸ்க், பிரதி எடுக்கும் டிஸ்க், யு.பி.எஸ். இந்த நான்குக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள். மீதியில்தான் பிராசஸரும் கார்டும்.

3. பழைய பாகம் வாங்கினால், விண்டோஸ் 11 பட்டியலில் பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது.

4. சென்னை ரிச்சி தெருவானாலும் நம் ஊர்க் கடையானாலும் ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். "பில் இல்லாமன்னா குறைச்சுத் தரேன்" என்றால், வாரண்டிக்குப் போய் நிற்கும்போது கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

5. மாட்டி முடித்ததும் மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகாதீங்க, கிராபிக்ஸ் கார்டில் செருகுங்க!

காசு இல்லையா? கவலை வேண்டாம். இருக்கிற கம்ப்யூட்டரிலேயே 'பிராக்ஸி' என்று ஒரு வழி உண்டு. வீடியோவுக்குச் சின்ன அளவில் ஒரு நகல் தயாரித்து அதில் வெட்டி ஒட்ட வேண்டும். கடைசியில் மென்பொருளே அசல் வீடியோவில் அதைப் பொருத்திவிடும். கெடென்லைவ், ரிசால்வ் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. செலவு பூஜ்யம். முதலில் இதைச் செய்து பாருங்கள். அதற்கும் மேல் திணறினால் புதுசு வாங்கலாம்.

மெஷின் எப்போது வேண்டுமானாலும் கடையில் கிடைக்கும். அதில் வைத்திருக்கும் முகங்கள் கிடைக்காது.

சந்தேகம் இருந்தால் இந்தத் தாளின் கீழே விட்டிருக்கும் கட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள். அடுத்த தாளில் பதில் எழுதுகிறேன்.

– பதினொன்றாம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு