நூற்றிரண்டுக்குத் தொண்ணூற்றேழு

அமெரிக்கா மேற்கே விரிந்த வரலாற்றைப் பிள்ளைகள் படிக்கும்போது, ஆண்ட்ரூ ஜாக்சனை ‘மக்கள் ஜனாதிபதி’ என்றே மனப்பாடம் செய்கிறார்கள். எந்த மக்களுக்கு என்று நாம் கேட்க வேண்டாமா?

1828-இல் அவர் ஜெயித்தபோது, சொத்துள்ளவனுக்கே ஓட்டு என்ற விதி பல மாநிலங்களில் போய்விட்டிருந்தது. சாமானிய வெள்ளையர்கள் ‘நம்ம ஆளு’ என்று கொண்டாடினார்கள். அவர்களுக்கு வேண்டியது நிலம். அந்த நிலத்தில் செரோக்கி முதலிய பழங்குடியினர் வாழ்ந்தனர். செரோக்கி மொழிக்குச் சொந்த எழுத்து உண்டு. 1828-லேயே செய்தித்தாளும் வந்தது.

1830-இல் அவர்களை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அனுப்பச் சட்டம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 102, எதிர்ப்பு 97. ஜாக்சன் கையெழுத்திட்டார். அவர் பதவிக்காலம் முடிந்தபின், 1838-39-இல் வெளியேற்றப்பட்ட சுமார் 16,000 செரோக்கிகளில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். ‘கண்ணீர்ப் பாதை’ என்பது இதுதான்.

“அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தானே?” என்று பிள்ளை கேட்கும். அப்போது 102, 97 என்று எழுதிக் காட்டுங்கள். எல்லாரும் அப்படி இல்லை. மூன்று பேர் மாற்றி ஓட்டுப் போட்டிருந்தால் மசோதா தோற்றிருக்கும்.