பக்கத்து வீட்டு வைஃபை: பூட்டு இல்லாதது அனுமதி ஆகுமா?



உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப நம் அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் வீட்டில் நெட் இருக்கிறதா என்று கேட்போம். "இருக்கு, ஆனா எங்களது இல்ல" என்று சிலர் சொல்வதுண்டு. பக்கத்து வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டு போடவில்லை, அது இவர்கள் மாடி வரைக்கும் எட்டுகிறது, அவ்வளவுதான் விஷயம். பிள்ளைகள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். கூட வரும் தாய்மார்களில் ஓரிருவர்தான் குரலைத் தாழ்த்தி, "இது கூடுமா, கூடாதா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

நம் பகுதியில் இது சின்னக் கேள்வி அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியும், திருவள்ளூர் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டையைச் சுற்றியும் லைன் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டில் ரவுட்டர் வைத்தால் நான்கு வீட்டுக்கு சிக்னல் கிடைக்கும். ஒருவர் மாதாமாதம் பணம் கட்டுகிறார், அவருக்கே தெரியாமல் நான்கு குடும்பம் பயன்படுத்துகிறது.

இளைஞர்களிடம் பேசினால் ஒரு வாதம் தயாராக இருக்கிறது. "நாங்க அவர் வீட்டுக்குள்ள போகல. அலைதான் எங்க வீட்டுக்குள்ள வருது. தெரு விளக்கு வெளிச்சத்துல படிக்கிறதுக்கு யாராவது அனுமதி கேட்பாங்களா?" நல்ல வாதம்தான், உதறித் தள்ளக் கூடியது அல்ல. அடுத்தவர் சுவரின் நிழலில் உட்காருவதற்கும், அவர் விளக்கின் வெளிச்சம் நம் பக்கம் விழுந்தால் அதில் ஒரு வேலை பார்ப்பதற்கும் அனுமதி தேவையில்லை என்று ஃபிக்ஹு அறிஞர்களே சொல்லியிருக்கிறார்கள். நிழலில் உட்கார்ந்தால் சுவர் தேய்வதில்லை. வெளிச்சத்தில் படித்தால் எண்ணெய் கூடுதலாக எரிவதில்லை.

வைஃபை அந்த வகையைச் சேர்ந்ததா என்பதுதான் பார்க்க வேண்டியது. விளக்கு ஒரு பக்கமாக வெளிச்சத்தை வீசிக்கொண்டே இருக்கும், பார்ப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. வைஃபையில் அப்படி நடக்காது. உங்கள் போன் முதலில் அவருடைய ரவுட்டரிடம் கேட்க வேண்டும். ரவுட்டர் பதில் சொல்லி, உங்கள் போனுக்கு ஓர் எண் ஒதுக்கி, நீங்கள் கேட்டதை அவர் பணம் கட்டிய இணைப்பின் வழியாக வெளியிலிருந்து இழுத்து வந்து கொடுக்க வேண்டும். ஆக, இங்கே நடப்பது அவர் கிணற்றில் நம் வாளியை இறக்கி இறைப்பது போன்ற காரியம்.

கிணறு என்றதும் தண்ணீரைப் பற்றிய சட்டம் நினைவுக்கு வருகிறது. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. ஆனால் அதை விளக்கிய அறிஞர்கள் ஒரு கோடு போட்டார்கள். ஆற்றில் ஓடும் தண்ணீர் பொது. ஒருவர் மொண்டு தன் குடத்தில் நிரப்பி வைத்துவிட்டால் அது அவர் சொத்து, அவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு நம் நாட்டில் 2005 முதல் தனி உரிமம் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் ரவுட்டர் வாங்கி வைக்கலாம். அது ஆற்று நீர். அந்த ரவுட்டருக்குள் பணம் கட்டி வரவழைத்த இணைப்பு குடத்து நீர். குடத்துக்கு மூடி போடவில்லை என்பதால் அது மறுபடி ஆறாகிவிடாது.

"கொஞ்சம் எடுத்தால் அவருக்கு என்ன குறைந்துவிடும்?" என்பார்கள். குறையத்தான் செய்கிறது. ஒரே ரவுட்டரில் இருக்கும் போன்கள் மாறி மாறித்தான் பேச முடியும், ஒரு நேரத்தில் ஒன்று. தூரத்தில், இரண்டு சுவர் தாண்டி, மெலிந்த சிக்னலில் இருக்கும் போனுக்கு அதே வீடியோவை அனுப்ப அதிக நேரம் பிடிக்கும். அந்த நேரமெல்லாம் காசு கட்டியவரின் போன் வரிசையில் நிற்கிறது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து ஊரில் இருக்கும் பிள்ளையோடு வீடியோவில் பேசுகிறவருக்குப் படம் உறைந்து நிற்பதற்குக் காரணம் நம் வீட்டில் ஓடும் கிரிக்கெட்டாக இருக்கலாம். மாத அளவு வைத்த திட்டமாக இருந்தால் கடைசி வாரத்தில் வேகம் படுத்துவிடும். கம்பெனிக்காரனை அவர் திட்டிக்கொண்டிருப்பார், காரணம் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் இருக்கும்.

எனவே மார்க்கத்தின் அடிப்படை விதிக்கே திரும்புகிறோம். பிறர் பொருளை அவர் அனுமதியின்றிக் கையாளக் கூடாது. உஸ்மானியப் பேரரசு 19-ஆம் நூற்றாண்டில் ஹனஃபி சட்டங்களைத் தொகுத்த 'மஜல்லா'வில் இது 96-ஆவது விதி. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் குடும்பங்களுக்கும் இதில் மாறுபாடு இல்லை. ஒருவரின் பொருள் அவர் மனம் ஒப்பிக் கொடுத்தால்தான் மற்றவருக்கு ஆகும் என்பது ஹதீஸின் கருத்து. 2016-ல் துபாய் அரசின் இஸ்லாமிய விவகாரத் துறையிடம் இதே கேள்வி கேட்கப்பட்டபோது, பக்கத்து வீட்டார் அனுமதித்தால் தடையில்லை, அனுமதிக்காவிட்டால் பயன்படுத்தக் கூடாது என்றே பதில் வந்தது. வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகள் பலவற்றுக்கு இது அப்போதே வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். படித்தார்களா என்பது வேறு.

அனுமதி என்றால் எப்போதும் வாய் திறந்து சொன்னால்தான் என்று இல்லை. வழக்கமும் அனுமதியாகும். டீக்கடையில் வைஃபை திறந்திருந்தால் அது வாடிக்கையாளருக்காக. ரயில் நிலையத்தில் ரெயில்டெல் தரும் இணைப்பு பயணிகளுக்காக, நாளுக்கு முதல் அரை மணி நேரம் இலவசம், அதற்கும் நம் நம்பருக்கு ஓடிபி வரும். மருத்துவமனை வரவேற்பறை, கல்லூரி நூலகம் எல்லாம் இப்படித்தான். குடியிருக்கும் வீட்டுக்கு இந்த வழக்கம் இல்லை. அங்கே வைஃபை திறந்து கிடந்தால், மாட்டிவிட்டுப் போன பையன் பாஸ்வேர்டு போடவில்லை, அல்லது வீட்டில் பெரியவர்களுக்கு அது தெரியவில்லை என்றுதான் பொருள். வாசல் கதவு திறந்திருக்கிறது என்பதற்காக ஸலாம் சொல்லி அனுமதி கேட்காமல் நாம் நுழைவதில்லை. அந்நூர் அத்தியாயத்தின் 27-ஆவது வசனம் கற்றுத்தந்த ஒழுக்கம் அது. போன் தானாகவே போய் ஒட்டிக்கொண்டதென்றால் தெரியாதவரை குற்றமில்லை. தெரிந்த பிறகு அதைத் துண்டித்துவிட வேண்டும்.

இனி இதன் இன்னொரு பக்கம். பணத்தைவிடப் பெரியது இது.

வெளி உலகத்துக்கு உங்கள் போன் தெரியாது. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும், தேடும் ஒவ்வொரு பக்கமும் அந்த வீட்டு இணைப்பின் முகவரியில்தான் பதிவாகும். போலீஸ் தேடினால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்து 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு 'இந்தியன் முஜாஹிதீன்' என்ற பெயரில் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அதன் முகவரியைத் தேடிப் போனபோது நவி மும்பை சான்பாடாவில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. அவர் வைஃபையைப் பூட்டாமல் வைத்திருந்தார். யாரோ அதன் வழியாக அனுப்பியிருந்தார்கள். கணினிகளைக் கொடுத்து, விசாரணைக்கு உட்பட்டு, தான் இல்லை என்று நிரூபிக்கும் பாடு அவருக்கு வந்தது. அடுத்த சில வாரங்களில் வந்த இதே போன்ற மின்னஞ்சல்கள் மும்பையின் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்தும், செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபையிலிருந்தும் போனவை என்று தெரிந்தது. அவர்களுக்கும் அதில் சம்பந்தம் இல்லை. இதற்குப் பிறகுதான், வைஃபை பயன்படுத்துகிறவர் யார் என்று அடையாளம் தெரியும்படி இருக்க வேண்டும் என 2009-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. ரயில் நிலையத்தில் ஓடிபி கேட்பதற்கும் இதுதான் பின்னணி.

அந்த அமெரிக்கர் இடத்தில் நம் தெருவில் ஒருவரை வைத்துப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாது, வக்கீல் தெரியாது. சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அவருக்கு இப்படி ஒரு விசாரணை வந்தால் குடும்பம் என்ன ஆகும்? அவர் நம்மவராக இருந்தால் ஊர் என்ன பேசும் என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தேவையில்லை. மாற்று மத அண்டை வீட்டாராக இருந்து, நம் வீட்டுப் பையனின் விளையாட்டுத்தனமான ஒரு பதிவால் அவருக்கு அந்தக் கதி வந்தால், அது அதைவிடப் பெரிய கேடு. அண்டை வீட்டார் உரிமையில் மதம் பார்க்கப்படவில்லை. அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்ததும், பக்கத்து யூத வீட்டுக்குக் கொடுத்தீர்களா என்றுதான் விசாரித்தார்கள்.

சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-ஆவது பிரிவு, உரிமையாளர் அனுமதியின்றி ஒரு கணினி வலையமைப்பில் நுழைவதையே தவறாக எண்ணுகிறது, நஷ்டஈடு கேட்கலாம். நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் 66-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் 17 வயதுப் பையன் ஒருவன் பக்கத்து வீட்டு வைஃபையைப் பயன்படுத்தியதற்காக வழக்காகி, 2007 ஜனவரியில் 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பும் 80 மணி நேரச் சமூக சேவையும் தண்டனையாகப் பெற்றான். நம் ஊரில் இதற்கெல்லாம் யாரும் உடனே கேஸ் போட மாட்டார்கள். போட மாட்டார்கள் என்பதால் கூடும் என்று ஆகாது.

பாஸ்வேர்டு இருக்கும் வீடுகளிலும் ஒரு சங்கதி நடக்கிறது. கல்யாண வீட்டுக்கோ மௌத் வீட்டுக்கோ போன இடத்தில் பாஸ்வேர்டு வாங்குகிறோம். இப்போதைய போன்களில் அதை கியூஆர் படமாக எடுத்து அடுத்தவருக்குக் காட்டலாம். விருந்தாளி வழியாகத் தெருப் பையன்கள் எல்லோர் கைக்கும் அது போய்விடுகிறது. நமக்கென்று தந்த பாஸ்வேர்டு அமானிதம். வீட்டுக்காரரைக் கேட்காமல் மூன்றாவது ஆளுக்குத் தரக் கூடாது. ஊரில் உள்ள வைஃபை பாஸ்வேர்டுகளைக் காட்டுவதாகச் சொல்லும் செயலிகளை அறவே போடாதீர்கள். அவற்றில் பல, நம் போனில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளையும் எடுத்துக்கொண்டுபோய் ஊருக்குக் காட்டுகிறவை.

இவ்வளவும் பயன்படுத்துகிறவருக்கு. வைத்திருப்பவருக்கும் பங்கு இருக்கிறது. வைஃபைக்குப் பாஸ்வேர்டு போடுவது கஞ்சத்தனம் இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது போலத்தான். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டை அப்படியே விடாமல் மாற்றிவிடுங்கள். பூட்டிய பிறகு, தேவைப்பட்டவர் வந்து கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அன்றாடப் புழக்கப் பொருளைக்கூடத் தர மறுப்பவர்களை அல்மாஊன் அத்தியாயம் கண்டிக்கிறது. அன்று அது உப்பும் வாளியும் கோடரியும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு இன்று வைஃபையும் அதில் சேரும் என்றே நினைக்கிறோம். பல ரவுட்டர்களில் விருந்தினருக்கென்று தனி இணைப்பு வைக்கும் வசதி உண்டு. அதைக் கொடுத்தால் உங்கள் வீட்டுக் கருவிகள் தனியாக இருக்கும், வேண்டாதபோது நிறுத்தியும் விடலாம். ஆள் தெரிந்து கொடுங்கள். காசு வாங்கிக்கொண்டு பிரித்துக் கொடுப்பதென்றால் உங்கள் திட்டத்தின் நிபந்தனை அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் கம்பெனியிடம் கேளுங்கள். வடமாநிலத் தம்பிகள் ஐந்தாறு பேர் ஓர் அறையில் சேர்ந்து ஒரே இணைப்பு போடுகிறார்கள். அதில் தவறில்லை. யார் பெயரில் இணைப்போ அவருக்கு மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது தெரிந்திருக்கட்டும்.

இதுவரை கேட்காமல் பயன்படுத்தியவர்கள் என்ன செய்வது? இது ஹக்குல் இபாத், அடியார்களுக்கு இடையிலான உரிமை. தவ்பா செய்வதோடு, உரியவரிடம் சொல்லிப் பொருந்திக்கொள்ளச் செய்வதும் வேண்டும். அநேகமாக அவர் சிரித்துவிட்டு, "அதனாலென்ன, பயன்படுத்திக்கங்க" என்பார். பாஸ்வேர்டு போடச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாக நன்றியும் சொல்வார். வீடு மாறிப் போய்விட்டவர், ஆளே தெரியாதவர் விஷயத்தில் எப்படி ஈடு செய்வது என்பதை மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் இணைப்பு போட வசதியில்லாத மாணவ மாணவியர் உதவித்தொகை, கலந்தாய்வு, தேர்வு விண்ணப்பங்களுக்கு நம் அலுவலகக் கணினியைப் பயன்படுத்தலாம். அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையில் வாருங்கள். மாணவியர் தாயாருடனோ சகோதரருடனோ வரலாம். ஆதார் நகலும், ஓடிபி வரும் போனும் கையில் இருக்கட்டும். வருகைப் பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டுத்தான் கணினியில் உட்கார வைப்போம். ஏன் எழுதச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், மேலே சொன்ன மும்பைக் கதையைச் சொல்லுங்கள்.