கிறீச்சிடும் பிரேக்கைக் கண்ணால் பார்ப்பது

பிரேக் பிடிக்கும்போது டிஸ்க் கிறீச்சிட்டால், மெக்கானிக் பேடைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டிவிடுவார். சில நாள் அடங்கிக் கிடக்கும், மறுபடி ஆரம்பிக்கும். உராய்வு அதற்குத் தீனி போடுகிறது என்பது சரி. ஆனால் காதைக் கிழிப்பது பெரும்பாலும் வார்ப்பிரும்பு டிஸ்க்தான். தட்டிய சேகண்டியைப் போல அது நெளிந்து, நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அதிர்கிறது. எத்தனை தடவை என்பதை மைக் சொல்லிவிடும். எந்த வடிவில் நெளிகிறது என்பதைச் சொல்லாது. மருந்து அந்த வடிவத்தைப் பொறுத்தது என்பதால்தான் ஒளியைத் தேட வேண்டியிருக்கிறது. சுழலும், கொதிக்கும் டிஸ்க்கில் உணரியை ஒட்டுவது பெரும்பாடு. ஒட்டினாலும் அதன் எடையே அதிர்வைக் கொஞ்சம் மாற்றிவிடும். ஒளி எதையும் தொடுவதில்லை.

எளிய வழி லேசர் டாப்ளர் கருவி. 633 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்ட இடம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் அசைந்தால், திரும்பும் ஒளியின் அதிர்வெண் சுமார் 3,160 ஹெர்ட்ஸ் மாறும். அதைக் கருவி பிடித்துவிடும். ஆனால் புள்ளி புள்ளியாகத்தான் நகரும், கிறீச்சொலியோ காத்திருக்காது. இங்கேதான் இரட்டைத் துடிப்பு ஹாலோகிராம் உதவுகிறது. சில மைக்ரோநொடி இடைவெளியில் ரூபி லேசர் இருமுறை மின்னும். இடையில் டிஸ்க் எவ்வளவு நெளிந்தது என்பது நில வரைபடத்தின் உயரக்கோடுகளைப் போலப் பதிவாகும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் சுமார் 347 நானோமீட்டர் வித்தியாசம், அதாவது தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. இங்கிலாந்தில் ஆய்வாளர்களான ஜான் ஃபீல்ட்ஹவுஸும் நியூகோம்பும் 1990களில் இப்படித்தான் சத்தமிடும் பிரேக்குகளைப் படமெடுத்தார்கள். நெளிவு ஓரிடத்தில் நிற்காமல் டிஸ்க்கைச் சுற்றி ஓடும் அலையாக இருக்க முடியும் என்று அந்தப் படங்கள் காட்டின. 2,000 ஹெர்ட்ஸ் ஒலி, சுற்றில் ஐந்து அலை என்றால், அந்த அலை நொடிக்கு 400 சுற்று ஓடுகிறது. சக்கரமோ நின்றுவிடப்போகும் வேகத்தில் இருக்கும். ஒரே புள்ளியில் ஒட்டிய உணரிக்கு, ஓடும் அலையும் நிற்கும் அலையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதெல்லாம் கணினியே கணக்கிட்டுவிடாதா என்று கேட்கலாம். கணக்கிடும்; ஆனால் உண்மையில் கத்தாத அதிர்வெண்களையும் சேர்த்துப் பட்டியலிட்டுவிடும். உராய்வும் வெப்பமும் அழுத்தமும் நொடிக்கு நொடி மாறுவதால், பட்டியலில் எது மெய் என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி நிற்கிறதே, வெறும் சத்தத்துக்கு இத்தனை செலவா என்பது இன்னொரு கேள்வி. வாங்கியவர் அதைக் கோளாறு என்றே நினைத்து வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவார். நல்ல பேடையும் உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுக்க வேண்டிவரும். வடிவம் தெரிந்தால் பேடின் ஓரத்தைச் சரிவாக வெட்டுவதா, பின்னால் ஷிம் என்ற மெல்லிய தகடு வைப்பதா, காலிப்பர் பேடை அழுத்தும் இடத்தை நகர்த்துவதா என்று முடிவெடுக்கலாம்.

ஒரு குறையை மட்டும் மறுக்க முடியாது. ஒளிக்கு நேர்ப்பார்வை வேண்டும். சக்கரமும் காலிப்பரும் மறைக்கும் என்பதால் சோதனை பெரும்பாலும் கண்ணாடிகள் வைத்த மேடையில்தான் நடக்கிறது. சாலைப் புழுதியும் ஈரமும் அங்கே இல்லை. அப்போதும் பேடும் டிஸ்க்கும் உரசும் முகம், காலிப்பருக்குள் இருட்டிலேயே இருக்கிறது.