பந்தயக் குதிரையும் காதற் குயிலும்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், இன்று மீன்தலைக் கறிக்குப் பிரசித்தி பெற்ற ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு அப்பெயரை ஈந்த பந்தய மைதானம் 1933-இல் புக்கித் தீமாவுக்குப் பெயர்ந்துவிட்டதெனினும், குதிரைப் பந்தயம் காணச் செல்லும் தம்பதியரின் சம்பாஷணையாக ரங்கசாமி தாசன் 1893-இல் இந்நகரில் வெளியிட்ட ‘குதிரைப் பந்தய லாவணி’ அக்காலத் தெருக்களை இன்னமும் நமக்குக் காட்டி நிற்கிறது.

புதுச்சேரி மாஞ்சோலையில் கண்ட கனவாகப் பாரதியார் புனைந்த ‘குயில் பாட்டு’ இந்த லாவணியினும் துணிகரமான கவிதை விளையாட்டு. குயிலின் காதலுக்காகக் குரங்கும் மாடும் அங்கே கவிஞரின் போட்டியாளர்கள். கவிஞரோ பொறாமையில் வேகிறார்! ஹாஸ்ய காவியம் இயற்ற ஆசைகொண்டோர் கவனிக்கத்தக்க நுட்பம் யாதெனில், குரங்கின் வாலையும் தாவலையும் குயில் புகழ்வது காவிய நாயகனை வர்ணிக்கும் அதே கம்பீர நடையில் அமைந்திருப்பதே. நடையும் சேர்ந்து கோமாளித்தனம் செய்திருந்தால், அது, என் அபிப்பிராயத்தில், வெறும் விகடத் துணுக்காகவே முடிந்திருக்கும்.