‘வெளிய சொன்னா மானம் போயிரும்...’ பொள்ளாச்சி கும்பலுக்கு கைகொடுத்த பயம்!

சிவகிரி:

குடித்துவிட்டு வந்து புருஷன் அடித்தாலும் சரி, வேலைக்குப் போன இடத்தில் எவனாவது கையைப் பிடித்து இழுத்தாலும் சரி, சிவகிரி பக்கம் வீட்டில் முதலில் கிளம்புகிற பேச்சு, ‘‘வெளிய சொல்லாத புள்ள... நாலு பேரு என்ன சொல்லுவாவ?’’ என்பதுதான். அடித்தவனை யாரும் கேட்பதில்லை. அடி வாங்கியவள் வாயைத்தான் பொத்துகிறார்கள்.

இது நம்ம ஊர் கதை மட்டுமல்ல. 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வில், அடி உதை, பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களில் 100-க்கு 77 பேர் யாரிடமும் சொல்லவில்லை, உதவியும் கேட்கவில்லை என்று தெரியவந்தது. பெத்த தாயிடம்கூட மூச்சு விடவில்லை!

வீடியோதான் ஆயுதம்

இந்த மவுனத்தை நம்பியே தொழில் நடத்தியது பொள்ளாச்சி கும்பல். பழகி நம்ப வைத்து, சீரழித்து, வீடியோ எடுத்தார்கள். ‘வெளியே சொன்னால் படம் ஊருக்கே போகும்’ என்று மிரட்டினார்கள். கத்தி, அரிவாள் எதுவும் தேவைப்படவில்லை. மானம் போய்விடும் என்ற பயமே போதுமானதாக இருந்தது.

2019 பிப்ரவரி 12-ந் தேதி ஒரு கல்லூரி மாணவிக்கு கொடுமை நடந்தது. புகார் கொடுத்தது 24-ந் தேதி. அதிலும் கொடுமை, போலீஸ் அதிகாரியின் பேட்டியிலும் அரசாணையிலும் அவர் பெயர் வெளியாகி விட்டது. இதைப் பார்த்தால் அடுத்த பெண் எப்படி படியேறுவாள்? அந்த மாணவிக்கு ரூ.25 லட்சம் இழப்பீடு கொடுக்க மதுரை ஐகோர்ட்டு கிளை உத்தரவிட்டது.

அப்படியும் பெண்கள் கோர்ட்டுக்கு வந்தார்கள். சாட்சிகளில் ஒருவர்கூட பிறழவில்லை. 2025 மே 13-ந் தேதி 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது கோவை மகளிர் கோர்ட்டு. 8 பெண்களுக்கு மொத்தம் ரூ.85 லட்சம் வழங்கவும் உத்தரவிட்டது.

பெயர் வெளியே வருமா?

வரக்கூடாது. பலாத்கார வழக்கில் பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை ஜெயில். பெண்ணின் வாக்குமூலத்தை பெண் போலீஸ்தான் பதிவு செய்ய வேண்டும். திருப்பூர், கோவைக்கு வேலைக்குப் போன இடத்தில் சம்பவம் நடந்திருந்தாலும் சிவகிரி ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். ‘எங்க லிமிட் இல்லம்மா’ என்று திருப்பி அனுப்ப முடியாது. ‘ஜீரோ எப்.ஐ.ஆர்.’ போட்டு, சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே கூச்சமாக இருந்தால், ராத்திரி பகல் எந்த நேரமும் 181-க்கு போன் அடிக்கலாம்.